கேட்டுல நிக்குற சிக்னல்மேனுக்காக ஒரு திறந்த மடல்

படையை விட்டு வெளிய வர்றவங்களுக்கு எந்தக் கோர்ஸ், எந்த இன்ஸ்டிட்யூட்னு பாத்து ஒப்புதல் போடுற அதிகாரிகளுக்கும், சென்னை பெங்களூர் ஐடி கம்பெனிகள்ல ஆள் எடுக்குற எச்ஆர் சார், மேடம் எல்லாருக்கும்,

நான் ராணுவத்துல சிக்னல்ஸ்ல, அதாவது தகவல்தொடர்புப் பிரிவுல, இருந்து ஓய்வு பெத்து இப்ப ஒரு ஐடி கம்பெனில வேலை பாக்குறவன். போன மாசம் நைட் ஷிப்ட் முடிச்சுட்டு காலைல ஆறரை மணிக்கு கம்பெனி கேட்டுல பைய திறந்து காட்ட நின்னேன். செக் பண்ண வந்த செக்யூரிட்டி என் முகத்தப் பாத்ததும் கைல இருந்த டிடெக்டர கீழ இறக்கிட்டு "உஸ்தாத்"னு சொன்னான், பட்டாளத்துல சீனியர அப்படித்தான் கூப்பிடுவோம், அடுத்த செகண்டு அட்டென்ஷன்ல நின்னுட்டான். பின்னாடி லேப்டாப் பையோட பத்து பேரு வரிசைல நிக்குறாங்க, இவன் எனக்கு விறைப்பா நிக்குறான், எனக்கு எங்க பாக்குறதுன்னே தெரியல.

அவன் என் டிடாச்மென்ட் பையன். சிக்னல்ஸ்ல இருந்தவங்களுக்கு சொல்லத் தேவையில்ல, மத்தவங்களுக்கு சொல்றேன், டிடாச்மென்ட்னா நாலஞ்சு பேரு, ஒரு ஷெல்டர், ஒரு ஜெனரேட்டர், சுத்தி மலை, மாசக்கணக்குல அதான் உலகம். லடாக்ல லே பக்கம் அப்படி ஒரு இடத்துல ஒரு குளிர்காலம் முழுக்க நாங்க ஒண்ணா இருந்திருக்கோம். மைனஸ் இருபதுல ஃபைபர் கட் ஆனா தேடிப்போய் ஒட்டணும். தலைமுடி கனம்தான் இருக்கும் அந்த கண்ணாடி இழை, கிளவுஸ் போட்டுகிட்டு ஸ்ப்ளைஸ் பண்ண முடியாது, கழட்டினா கொஞ்ச நேரத்துல விரல் மரத்துப்போயிடும், அப்புறம் ஸ்டவ்ல கைய காட்டிட்டு மறுபடி வந்து உக்காரணும். அவன் கை அதுல தங்கமான கை. ஓடிடிஆர்னு ஃபைபர் எங்க அறுந்திருக்குன்னு காட்டுற கருவி, அதுல கோடு எங்க விழுதுன்னு பாத்து இத்தனாவது கிலோமீட்டர்ல கட்டுன்னு சொல்வான், போய் பாத்தா அங்கதான் இருக்கும்.

இப்ப 36 வயசு. 17 வருஷம் சர்வீஸ் முடிச்சு பென்ஷன் வந்துட்டான். வர்றதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க்கிங்னு ஆறு மாச ரிசெட்டில்மெண்ட் கோர்ஸ், அதாவது வெளி வேலைக்குத் தயார் பண்ற கோர்ஸ் வேற முடிச்சிருக்கான், சர்டிபிகேட்ட லேமினேட் பண்ணி வச்சிருக்கான். அந்த கேட்டுக்கு மேல நாலாவது மாடில என் டீம், நெட்வொர்க் ஆபரேஷன்ஸ். எங்களுக்கு எல்1, அதாவது முதல் நிலை சப்போர்ட் வேலைக்கு ரெண்டு மாசமா ஆள் கிடைக்கல, நாங்க டபுள் ஷிப்ட் பாத்துகிட்டு இருக்கோம். "நீ ஏன்டா அப்ளை பண்ணல"ன்னு கேட்டேன். "பண்ணேன் உஸ்தாத், பத்து நிமிஷத்துல ரிஜெக்ட்னு மெயில் வந்துச்சு. மனுஷன் யாரும் பாத்திருக்க மாட்டாங்க, மெஷின்தான்"னு சொன்னான். சொல்லிட்டு எனக்குப் பின்னாடி நின்னவரோட பைய வாங்கி செக் பண்ண ஆரம்பிச்சுட்டான், டூட்டி ஆச்சே.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து தூக்கம் வரல. அதான் இந்த லெட்டர்.

முதல்ல கோர்ஸ் பக்கம் இருக்குற அதிகாரிகளுக்கு. வருஷத்துக்கு சுமார் 60,000 பேரு முப்படைலேர்ந்து வெளிய வர்றாங்கன்னு அரசாங்கமே சொல்லுது, அதுல பெரும்பாலானவங்க 35லேர்ந்து 45 வயசுக்குள்ள. கிழவங்க இல்ல சார். பிள்ளைங்க ஏழாவது எட்டாவது படிக்கிற வயசு, வீட்டுக்கடன் ஆரம்பிக்கிற வயசு. இவங்களுக்காக டிஜிஆர், அதாவது படைவீரர் மறுவாழ்வு இயக்குநரகம் நடத்துற கோர்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஜேசிஓ ஓஆர்களுக்கு, அதாவது ஆபீசருக்குக் கீழ இருக்குறவங்களுக்கு, ஃபீஸ் முழுசும் அரசே கட்டுது, ஆபீசர்னா 40 சதவீதம் அவங்க கைலேர்ந்து போடணும். சர்வீஸ் முடியப்போற கடைசி காலத்துல சம்பளத்தோட போய் படிக்கலாம். எழுத்துல பாத்தா இத விட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது, அத நான் குறை சொல்ல வரல. எழுத்துலேர்ந்து அந்த கிளாஸ் ரூமுக்கு வர்ற வழில என்ன ஆகுதுன்னு தான் சொல்ல வர்றேன்.

நானும் அப்படி ஒரு கோர்ஸ் படிச்சவன்தான். எந்த இன்ஸ்டிட்யூட்னு பேரு போடல, அது இப்ப தேவையும் இல்ல. நாங்க 30 பேரு, ஓடுற கம்ப்யூட்டர் 11. முதல் மாசம் முழுக்க வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட். எக்சேஞ்சும் ரவுட்டரும் தூக்கி சுமந்த ஆளுங்களுக்கு ஃபைல எப்படி சேவ் பண்றதுன்னு மூணு நாள். ரெண்டாவது மாசம் கம்ப்யூட்டர கழட்டி மாட்டுறது, அதுவும் பழைய டெஸ்க்டாப், அப்படி ஒரு மெஷின் இப்ப எந்த ஆபீஸ்லயும் இல்ல. நெட்வொர்க்கிங் வந்தது நாலாவது மாசம். சொல்லிக்கொடுக்க வந்த தம்பி போன வருஷம்தான் காலேஜ் முடிச்சவன், பாவம், நல்ல பையன், நெட்வொர்க்கிங்கோட அடிப்படைப் பாடமான ஓஎஸ்ஐ லேயர் ஏழையும் போர்டுல எழுதி காப்பி பண்ணிக்க சொன்னான். லேப் எங்கன்னு கேட்டோம், அடுத்த வாரம் வரும்னாங்க. அந்த அடுத்த வாரம் இன்னும் வரல. கடைசி நாள் குரூப் போட்டோ, சர்டிபிகேட், ஸ்வீட் பாக்ஸ். அதுக்கப்புறம் அந்த 30 பேர்ல யாரு எங்க வேலைக்குப் போனான்னு ஒரு போன், ஒரு கேள்வி, ஒரு ஃபார்ம் கிடையாது. எங்க வாட்ஸ்அப் குரூப்ல நாங்களே எண்ணிப் பாத்தோம், ஐடி சம்பந்தப்பட்ட வேலைல இருக்குறது ரெண்டு பேரு. ஒம்பது பேரு செக்யூரிட்டி. மீதிப்பேர் பேங்க் காவலாளி, டிரைவர், நிலம், சும்மா வீட்ல.

செக்யூரிட்டி வேலைய நான் கேவலமா சொல்லல, அத வச்சுதான் நூத்துக்கணக்கான வீட்ல உலை கொதிக்குது, தமிழ்நாட்டுல டெக்ஸ்கோ 1986லேர்ந்து எத்தனையோ முன்னாள் படைவீரருங்களுக்கு அந்த சோத்த போட்டிருக்கு. ஆனா செக்யூரிட்டி வேலைக்குப் போறதுக்கு நெட்வொர்க்கிங் கோர்ஸ் எதுக்கு சார்? ஆறு மாசம் அவன் வாங்குன சம்பளம், இன்ஸ்டிட்யூட்டுக்குப் போன ஃபீஸ், ரெண்டும் அரசாங்கப் பணம். ஒரு ஜெர்ரிக்கேன் டீசல் கணக்குல வரலைன்னா எங்கள கோர்ட் ஆஃப் என்கொயரில நிக்க வைப்பீங்க, இங்க ஆளே கணக்குல வரல, கேக்க யாரும் இல்ல.

இதுல எங்க தப்பும் இருக்கு, மறைக்க மாட்டேன். கோர்ஸ் லிஸ்ட் வந்ததும் நாங்க பாக்குறது என்ன கோர்ஸ்னு இல்ல, எந்த ஊர்னு. வேலூர்ல போட்டா வேலூர், திருச்சில போட்டா திருச்சி, இருபது வருஷமா வீட்ட விட்டு இருந்தவனுக்கு ஆறு மாசம் வீட்டு சாப்பாடு கிடைக்குதுன்னா டேலியா இருந்தா என்ன ட்ராக்டர் ரிப்பேரா இருந்தா என்ன. நானே அப்படித்தான் எடுத்தேன். எங்க ஊர்ப்பக்கம் கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர் இருக்கு, ராணுவப்பேட்டைன்னு பேரு, வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருப்பாங்க, முதல் உலகப்போர் காலத்துலேர்ந்து அப்படி. அந்தப் பக்கத்து டீக்கடைல உக்காந்தா தெரியும், பென்ஷன் வந்த ஆளுங்ககிட்ட என்ன கோர்ஸ் பண்ணீங்கன்னு கேட்டா முதல்ல ஊர் பேரதான் சொல்லுவாங்க. ஆனா இப்படி எடுக்குறோம்னு தெரிஞ்சும் அதுக்கேத்த மாதிரியே கோர்ஸ் போடுறது யாரு? நாளைக்கு ஒருத்தன் உண்மையா படிக்கணும்னு வந்தாலும் அவனுக்கும் அதே 11 கம்ப்யூட்டர் தானே.

இப்ப எச்ஆர் பக்கம் வர்றேன்.

உங்க போர்ட்டல்ல கல்வித்தகுதின்னு ஒரு டிராப்டவுன் இருக்கும். பிஇ, பிடெக், பிஎஸ்சி, பிசிஏ, எம்சிஏ. மத்தவைன்னு கூட ஒண்ணு இருக்காது. பத்தாவது முடிச்சு 15 வருஷம் சர்வீஸ் போட்டவன பட்டதாரிக்கு சமமா எடுத்துக்கலாம்னு மத்திய அரசு குரூப் சி வேலைகளுக்கு ஒரு விதி வச்சிருக்கு, தொழில்நுட்பப் படிப்பு கண்டிப்பா வேணும்னு இருக்குற வேலைகளுக்கு அது பொருந்தாது, அது எனக்கும் தெரியும். அந்தக் காகிதத்த எடுத்துகிட்டு உங்ககிட்ட வந்தா ரிசப்ஷன்ல இருக்குற பொண்ணு அத திருப்பி திருப்பி பாக்குது, இது எந்த யுனிவர்சிட்டி சார்னு கேக்குது. தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல. மத்திய அரசு வேலைல குரூப் சில எங்களுக்கு 10 சதவீத இடஒதுக்கீடு இருக்கு, அது உங்க கட்டிடத்துக்குள்ள வராது, வரணும்னும் நான் கேக்கல. எல்1 வேலைக்கு, அதாவது ஸ்கிரீன்ல சிவப்பு விழுந்தா டிக்கெட் போட்டு, லிங்க் செக் பண்ணி, சம்பந்தப்பட்டவன எழுப்புற வேலைக்கு பிஇ எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க. நான் அந்த வேலை பாக்குறேன், எனக்கு பிஇ இல்ல, எந்த ரவுட்டரும் இதுவரைக்கும் என்கிட்ட டிகிரி கேட்டதில்ல.

டிராப்டவுன தாண்டி இண்டர்வியூ வரைக்கும் வந்துட்டாலும் அடுத்த சிக்கல் நிக்குது, அத நீங்க யாரும் யோசிச்சே இருக்க மாட்டீங்க. "நீங்க என்ன ப்ராஜெக்ட் பண்ணீங்க, எத்தனை நோடு, என்ன எக்யூப்மென்ட், டயக்ராம் போட்டு காட்டுங்க"ன்னு கேக்குறீங்க. நாங்க சொல்ல முடியாது சார். 1923லேர்ந்து அபிஷியல் சீக்ரெட்ஸ் ஆக்ட்னு ஒண்ணு இருக்கு, அதுக்கும் மேல இருபது வருஷமா வாய மூடுறத பழக்கமாவே ஆக்கி வச்சிருக்கோம். எந்த யூனிட், எந்த இடம், என்ன செட், எதையும் வெளிய பேசக்கூடாது. அதனால எங்க ரெஸ்யூம்ல "கம்யூனிகேஷன் டூட்டி பாத்தேன்"னு ஒரு வரிதான் இருக்கும். இருபது வருஷத்துக்கு ஒரு வரி. எதிர்ல உக்காந்திருக்குற 26 வயசு பையன் "ஸோ, நீங்க வாக்கிடாக்கி ஹேண்டில் பண்ணிருக்கீங்க"ன்னு கேட்டான் என்கிட்ட. ஆமான்னு சொல்லிட்டு வந்தேன். லிங்க்டின் ப்ரொஃபைல் அனுப்புங்கன்னாங்க. 2020 ஜூலைல ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்பட 89 ஆப்ப போன்லேர்ந்து எடுக்கச் சொல்லி ராணுவத்துல உத்தரவு வந்துச்சு, பாதுகாப்புக்காக, சரியான உத்தரவுதான். ஆனா வெளிய வந்த மறுநாளே ஆன்லைன்ல ஐநூறு பேர தெரிஞ்சிருக்கணும்னா எப்படி? எங்களுக்குத் தெரிஞ்ச ஐநூறு பேரும் பட்டாளத்துக்குள்ள இருக்காங்க.

ஒரு சின்ன சமாச்சாரம் சொல்றேன், சிரிப்பா இருக்கும். பட்டாளத்துல என்ஓசின்னா வெளி வேலைக்கு அப்ளை பண்ண ஆபீஸ்லேர்ந்து வாங்குற தடையில்லா சான்று, அத வாங்க கிளார்க் பின்னாடி நடையா நடக்கணும். கம்பெனில முதல் நாள் "உங்களுக்கு என்ஓசில போஸ்டிங்"னு சொன்னாங்க, நான் அந்தப் பேப்பர் ஃபைல்ல இருக்குன்னு எடுத்துக் கொடுத்தேன். நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர்னு அப்பதான் தெரிஞ்சது. உள்ள போய் பாத்தா வரிசையா ஸ்கிரீன், ஷிப்ட், ஹேண்ட்ஓவர் ரிஜிஸ்டர், எஸ்கலேஷன் நம்பர் ஒட்டுன சுவர். நம்ம சிக்னல் சென்டர் தானே இது, ஏசி மட்டும் கூடுதல்னு நெனச்சேன். 24 வருஷம் நான் பாத்த வேலைக்கு இன்னொரு பேரு இருக்குன்னு 44 வயசுல தெரிஞ்சுகிட்டேன். இந்த ஒரு விஷயத்த அந்த ஆறு மாச கோர்ஸ்ல யாராவது சொல்லிருக்கலாம், ஒரு மணி நேரம் போதும் அதுக்கு.

சம்பளப் பேச்சு வரும்போது எல்லா எடத்துலயும் ஒரே டயலாக். "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே சார்." வருது. அது நான் ஏற்கனவே பாத்த வேலைக்கான கூலி, நீங்க கொடுக்குற சம்பளத்துல கழிக்கிறதுக்கு இல்ல. பக்கத்து சீட்டுக்காரன் அப்பாவுக்கு ரெண்டு வீடு வாடகை வருதுன்னு அவன் சம்பளத்துல கை வைப்பீங்களா?

நான் உள்ள வந்த கதையும் சொல்லிடுறேன், இல்லன்னா இவனுக்கு மட்டும் எப்படி கிடைச்சதுன்னு கேப்பீங்க. கோர்ஸ் சர்டிபிகேட்டால இல்ல. என் அக்கா பையன் ஐடில இருக்கான், அவன்தான் "மாமா, அந்த சர்டிபிகேட்ட பீரோல வச்சுட்டு சிசிஎன்ஏ எழுதுங்க"ன்னான். சிஸ்கோ கம்பெனி நடத்துற நெட்வொர்க்கிங் எக்ஸாம் அது. ஒரு தடவை எழுத 300 டாலர். முதல் தடவை ஃபெயில், சப்நெட்டிங்ல, அதாவது நெட்வொர்க்க சின்னச் சின்னதா பிரிக்கிற கணக்குல, மாட்டிகிட்டேன், வீட்ல சொல்லவே இல்ல, பொண்டாட்டி நகைச்சீட்டுப் பணம் அது. நாலு மாசம் கழிச்சு ரெண்டாவது தடவை பாஸ். அதுவும் மூணு வருஷம்தான் செல்லும், மறுபடி புதுப்பிக்கணும். அப்புறமும் எட்டு எடத்துல ரிஜெக்ட். ஒம்பதாவது எடத்துல இண்டர்வியூ எடுத்தவர் எச்ஆர் இல்ல, டெக்னிக்கல் ஆளு, அவரோட அப்பா ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவராம். அவர் ப்ராஜெக்ட் எதுவும் கேக்கல. "லிங்க் டவுன், நைட் ரெண்டு மணி, என்ன பண்ணுவீங்க"ன்னு மட்டும் கேட்டாரு. அத எந்த மலைன்னு சொல்லாம சொல்ல முடியும்ல, சொன்னேன். ஆர்டர் கொடுத்துட்டாரு. அவருக்கு பதிலா வேற ஒருத்தர் அந்த நாற்காலில உக்காந்திருந்தா நானும் கேட்டுலதான் இருந்திருப்பேன், அதான் நெஜம். என் டீம் லீடுக்கு 27 வயசு, முதல் மாசம் அவனுக்கும் எனக்கும் ரெண்டு பேருக்குமே கூச்சம், அவன் என்ன "அங்கிள்"னு கூப்பிட்டுட்டு நாக்க கடிச்சுகிட்டான், இப்ப அண்ணான்னுதான் கூப்பிடுறான்.

சேந்து நாலாவது மாசம் ஒரு மழை நாள் ராத்திரி, ரோடு வேலைக்கு வந்த ஜேசிபி எங்கயோ ஃபைபர புடுங்கிடுச்சு, மூணு கஸ்டமர் ஒரே நேரத்துல டவுன். பசங்க எல்லாரும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்துல போன் போடுறாங்க, யாரு யாருகிட்ட என்ன சொன்னான்னு யாருக்கும் தெரியல. நான் பெருசா ஒண்ணும் பண்ணல. ஒரு நோட்ட திறந்து டைம் போட்டு எழுத ஆரம்பிச்சேன், 0210 லிங்க் டவுன், 0214 இன்னாருக்கு சொல்லியாச்சு, நீ இந்த கஸ்டமர் மட்டும் பாரு, நீ வெண்டர் லைன விடாத, பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை என்கிட்ட நிலவரம். அவ்வளவுதான். காலைல மேனேஜர் அந்த நோட்ட போட்டோ எடுத்துகிட்டு போனாரு. கமாண்ட் லைன் எனக்கு இன்னும் தடுமாறும், பைத்தான் ஸ்கிரிப்ட் எழுத அந்தப் பசங்ககிட்டதான் போய் நிக்குறேன். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு பதறாம இருக்குறத எந்த பூட்கேம்ப்லயும் ஆறு மாசத்துல சொல்லிக்கொடுக்க முடியாது, அத பட்டாளம் 24 வருஷம் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கு. அத அப்படியே கேட்டுல நிறுத்தி பைய செக் பண்ண விடுறீங்க.

அமெரிக்காவ பாருங்கன்னு ஆரம்பிக்கிறவங்கள எனக்கும் புடிக்காது, அவங்க பட்ஜெட்டும் நம்ம பட்ஜெட்டும் ஒண்ணு இல்ல. ஆனா ஒரு விஷயம் காசு சம்பந்தப்பட்டது இல்ல, புத்தி சம்பந்தப்பட்டது, அதனால சொல்றேன். அங்க 2019லேர்ந்து 2024 வரைக்கும் வெட்டெக்னு ஒரு முன்னோட்டத் திட்டம் ஓட்டுனாங்க, படையை விட்டு வந்தவங்களுக்கு ஐடி பயிற்சி. இன்ஸ்டிட்யூட்டுக்கு ஃபீஸ் எப்படி போச்சு தெரியுமா, ஆள் சேந்தா 25 சதவீதம், கோர்ஸ் முடிச்சா இன்னொரு 25, மீதி 50 சதவீதம் அவனுக்கு படிச்ச துறைல வேலை கிடைச்சாத்தான். பாதிப்பணம் வேலைல தொங்குது. இப்படி இருந்தா எங்க இன்ஸ்டிட்யூட் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்பி வச்சிருக்குமா? எங்கள கைய புடிச்சு இழுத்துகிட்டு கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கியிருக்கும். இன்னொண்ணு ஸ்கில்பிரிட்ஜ், சர்வீஸோட கடைசி 180 நாள் வரைக்கும் படை சம்பளத்துலயே ஒரு சிவில் கம்பெனில போய் வேலை பாக்கலாம். நம்மகிட்டயும் கடைசி காலத்துல சம்பளத்தோட அனுப்புற ஏற்பாடு ஏற்கனவே இருக்குல்ல, கிளாஸ் ரூமுக்கு அனுப்புறத அப்படியே ஒரு என்ஓசிக்கோ டேட்டா சென்டருக்கோ அனுப்பினா புதுசா செலவு என்ன ஆகப்போகுது?

இத இப்ப ஏன் அவசரமா சொல்றேன்னா அக்னிவீர் பசங்க. 2022 ஜூன்ல அறிவிச்ச திட்டம், ராணுவத்தோட முதல் பேட்ச் 2023 ஜனவரில டிரெய்னிங் ஆரம்பிச்சாங்க, நாலு வருஷம் 2027 தொடக்கத்துல முடியுது. 25 சதவீதம் வரைக்கும்தான் உள்ள வச்சுக்குவாங்கன்னு திட்டத்துலயே இருக்கு, மத்தவங்க வெளிய. எங்களுக்காவது பென்ஷன் இருக்கு, தப்பா போனாலும் சோறு உண்டு, அவங்களுக்கு பென்ஷன் கிடையாது, சேவா நிதின்னு சுமார் 11.71 லட்சம் கைல கொடுத்து அனுப்புவாங்க. இருபத்தி சொச்சம் வயசு, கைல 11 லட்சம். ஊர்ல இருக்குற டுபாக்கூர் இன்ஸ்டிட்யூட் எல்லாம் வாசல்ல பந்தல் போட்டு காத்துகிட்டு இருக்கும், "நூறு சதவீத பிளேஸ்மெண்ட், சைபர் செக்யூரிட்டி, ஏஐ"ன்னு பேனர் வச்சு. பட்டாளத்துல இருந்து கிடைக்குற பயிற்சிக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழக டிகிரில 50 சதவீத கிரெடிட் உண்டுன்னு அறிவிச்சாங்க, நல்ல விஷயம், டிராப்டவுன் பிரச்சனை அவங்களுக்காவது கொஞ்சம் தீரலாம். ஆனா டிகிரி வாங்கிட்டு வந்தவனையும் அந்த 11 கம்ப்யூட்டர் ரூமுக்குத்தான் அனுப்பப் போறீங்கன்னா எங்க கதைதான் அவனுக்கும், எங்கள விட பத்து வருஷம் முன்னாடியே.

கேக்க வேண்டியத கேட்டுடுறேன்.

கோர்ஸ் ஒப்புதல் போடுற அதிகாரிகளே, ஐடி கோர்ஸ் நடத்துற இன்ஸ்டிட்யூட்டுக்கு ஃபீஸ முழுசா கொடுக்காதீங்க, பாதிய நிறுத்தி வைங்க, ஆள் அந்தத் துறைல வேலைக்கு சேந்து மூணு மாசம் சம்பளம் வாங்குன ஸ்லிப்ப காட்டுனா மீதிய கொடுங்க. எந்த இன்ஸ்டிட்யூட்ல எத்தனை பேரு படிச்சாங்க, எத்தனை பேரு என்ன வேலைக்குப் போனாங்கன்னு அடுத்த கோர்ஸ் லிஸ்ட் வரும்போது பேருக்குப் பக்கத்துலயே போடுங்க, நாங்க ஊர் பாத்து எடுக்குற புத்தியும் அப்பதான் மாறும். இன்ஸ்டிட்யூட்டோட சொந்த சர்டிபிகேட்ட வச்சு ஒண்ணும் ஆகாது, சிசிஎன்ஏ மாதிரி வெளி எக்ஸாம் ஒண்ணுக்கு ஃபீஸையும் கோர்ஸ் செலவுலயே சேத்துடுங்க, ஒரு தடவை ஃபெயில் ஆனா ரெண்டாவது தடவைக்கும் சேத்து. வேர்டு எக்செல் கோர்ஸ நெட்வொர்க்கிங்னு பேரு மாத்தி நடத்துறத நேர்ல வந்து பாருங்க, சொல்லாம வாங்க, சொல்லிட்டு வந்தா அன்னிக்கு மட்டும் கம்ப்யூட்டர் வாடகைக்கு வரும். கடைசி மூணு மாசத்தையாவது கம்பெனில நேரடி வேலையா மாத்துங்க.

இன்னொண்ணு, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். டிஸ்சார்ஜ் புக் கொடுக்கும்போது அதோட ஒரு பக்கம் சேத்து கொடுங்க. இந்த ஆளு என்ன வேலை தெரிஞ்சவன்னு சிவில் பாஷைல, ரகசியம் எதுவும் வெளிய போகாம, நீங்களே எழுதி கையெழுத்துப் போட்டு. "ஆபரேட்டர்"னு போட்டா சினிமா தியேட்டர் ஆபரேட்டரான்னு கேக்குறாங்க சார். ஃபைபர் ஸ்ப்ளைசிங் தெரியும், ரவுட்டர் பராமரிப்பு தெரியும், 24 மணி நேர ஷிப்ட் கண்ட்ரோல் பண்ணியிருக்கான், கீழ எட்டு பேரு வச்சு வேலை வாங்கியிருக்கான், இவ்வளவு போதும். எத சொல்லலாம் எத சொல்லக்கூடாதுன்னு நாங்களா முடிவு பண்ணா பயத்துல எல்லாத்தையும் முழுங்கிடுவோம், நீங்க எழுதி கொடுத்தா அதையாவது தைரியமா காட்டுவோம்.

எச்ஆர் மக்களே, எல்1, சப்போர்ட் வேலைகளுக்கு டிகிரி கட்டாயம்ங்கிறத எடுங்க, இல்லன்னா அந்த டிராப்டவுன்ல முன்னாள் படைவீரர்னு ஒரு வரி சேருங்க, உங்க டெவலப்பருக்கு அரை நாள் வேலை. அந்த வரிய அமுக்குனவன மெஷின் தள்ளி விடாம டெக்னிக்கல் ஆள் ஒருத்தர் இருபது நிமிஷம் பேசட்டும், தெரியலைன்னா தாராளமா அனுப்பிடுங்க, சலுகை கேக்கல. பென்ஷன் எவ்வளவுன்னு கேக்குறத நிறுத்துங்க. வருஷம் வருஷம் ஜனவரி 26க்கும் ஆகஸ்ட் 15க்கும் கம்பெனி கேட்டுல இருக்குற மிலிட்டரிக்கார செக்யூரிட்டிய கூப்பிட்டு கொடி ஏத்த வச்சு போட்டோ போடுறீங்க, அதே ஆள்கிட்ட நீ பட்டாளத்துல என்ன வேலை பாத்தன்னு ஒரு தடவையாவது கேளுங்க. உங்க சொந்த கேட்டுலேர்ந்தே ஆரம்பிங்க, எத்தனை சிக்னல்ஸ், எத்தனை ஈஎம்ஈ (ராணுவத்தோட எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் பிரிவு), எத்தனை ஏர்ஃபோர்ஸ் டெக்னீஷியன் நிக்குறாங்கன்னு ஒரு லிஸ்ட் எடுங்க, ஒரு வாரம் போதும்.

அந்தப் பையன் பேர இங்க எழுதல, வேலை போயிடும். அவனுக்கு ரெஃபரல் போட்டேன், டிகிரி கட்டம் காலியா இருந்தா சிஸ்டம் ஏத்துக்காதுன்னு திரும்பி வந்துடுச்சு. இப்ப என் பழைய சிசிஎன்ஏ புக்க அவன்கிட்ட கொடுத்திருக்கேன், நைட் டூட்டில கேட் ரூம்ல உக்காந்து படிக்கிறான், சூப்பர்வைசர் பாத்தா திட்டுறாராம். எக்ஸாம் ஃபீஸுக்கு எங்க பழைய யூனிட் ஆளுங்க அஞ்சாறு பேரு சேந்து போடுறோம். ஆனா அடுத்த பேட்ச் கோர்ஸ் லிஸ்ட் வெளிய வர்றதுக்கு முன்னாடி உங்க பதில் வேணும், ஃபீஸ நிறுத்தி வைக்கிறது முடியுமா முடியாதான்னு அந்த ஒண்ணுக்கு மட்டுமாவது. முடியாதுன்னா ஏன்னு எழுதுங்க.

ஒரு ஓய்வு பெற்ற ஹவில்தார், சிக்னல்ஸ்
வேலூர் மாவட்டம்